ஒன்பதாம் வீட்டுக் கோதண்டம்

பாடியிலிருந்து கொரட்டூர் போகிற வழியில், மேம்பாலத்துக்குக் கீழே வரிசையாக இருக்கும் ஒன்பது வீடுகளிலும் காண்ட்ராக்டர் கோதண்டம் ஒரே நேரத்தில் குடியிருந்தார். வீட்டுக்கு ஒரு முழுக் கோதண்டம். ஒன்பது பேருக்கும் அதே தொப்பை, அதே தங்க வாட்ச், அதே சர்க்கரை வியாதி. ஒரு வீட்டில் இருப்பவர் இருமினால் மற்ற எட்டு வீட்டிலும் இருமல் கேட்கும். ஐயோ பாவம் என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவர்கள் இந்தப் பக்கத்து ஆளாக இருக்க முடியாது.

அந்த வீடுகளை வரைந்தவள் ஹெலினா. கொரட்டூர் சர்ச் தெருவில் பிறந்து வளர்ந்து, கட்டடக் கலை படித்து, பெரிய கம்பெனி வேலை பிடிக்காமல் திரும்பி வந்தவள். பாலத்தடியில் தார்பாய் கட்டி வாழ்ந்த ஒன்பது குடும்பங்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, குடத்தை எங்கே வைப்பீர்கள், பிள்ளைகள் எங்கே படிக்கும், குழம்பு கொதிக்கும் புகை எந்தப் பக்கம் போனால் நல்லது என்று கேட்டுக் கேட்டு வரைந்தாள். பாலத்தின் தூண்களே பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுத்ததால் செலவு பாதியாகக் குறைந்தது. தலைக்கு மேல் லாரி போகிற அதிர்வு தெரியாமல் இருக்க இரட்டைச் சுவர், பாத்திரம் உருண்டு விழாமல் இருக்க விளிம்பு வைத்த அலமாரி, படுக்க ஒரு பரண், காற்றுக்கு எதிரும் புதிருமாக ஜன்னல். பாலத்திலிருந்து கொட்டும் மழைத் தண்ணீருக்குக்கூட ஒரு தொட்டி போட்டிருந்தாள். நாயும் படுக்காத இடம் என்று ஊர் ஒதுக்கிய அந்த இடத்தில் வீடு வரும் என்று நம்பி, குடும்பங்கள் திருநின்றவூரில் வாடகைக்குப் போயின. கட்டுகிற வேலை கோதண்டத்துக்குக் கிடைத்தது.

கோதண்டம் இரட்டைச் சுவரை ஒற்றைச் சுவராக்கினார், எதிர் ஜன்னலை அடைத்தார். மிச்சம் பிடித்ததில் முகப்பேர் பங்களாவுக்கு மாடி எடுத்தார். அதோடு விட்டிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். புதுமனை புகுவிழா அன்று குடும்பங்களுக்குத் தேதியை மாற்றிச் சொல்லிவிட்டு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வீடியோக்காரன் பின்னாலேயே வர, ஒன்பது வீட்டிலும் தன் கையாலேயே பால் காய்ச்சினார். ஒன்பதும் பொங்கி வழிந்தன, அவருக்கு ஏக சந்தோஷம். மறுவாரமே பட்டா பேப்பர் இன்னும் வரவில்லை என்று குடும்பங்களிடம் கதையளந்து, ஒன்பதையும் குடோனாக வாடகைக்கு விட்டார். கேட்கப் போன ஹெலினாவிடம், "நீ வரைஞ்சது வெறும் படம்மா, நான் கட்னதுதான் ஊடு. போய் வேலையப் பாரு," என்றார். அவள் வாசலில் நின்று அழுதாள், ஆத்திரத்தில்.

அந்தக் குடும்பங்களில் பச்சையப்பன் என்பவர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை தூக்கினார். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு வருவார். ஒருநாள் காலை, அன்னனூர் தாண்டியதும் கை நழுவியது. அவரைப் புதைத்த அன்று சாயங்காலம் கோதண்டம் தன் பங்களாக் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தார். வைத்த கால் பாலத்தடியில் ஒன்பது வீட்டுக்குள்ளும் ஒருசேர இறங்கியது. வெளியே வர முடியவில்லை. அவர் சம்சாரம் கையைப் பிடித்து இழுத்து வாசல் தாண்ட வைத்தாள். திரும்பிப் பார்த்தால் மறுபடி உள்ளே. ஒரு கேரியர் சாப்பாடு ஒருவருக்குத்தான் காணும், மற்ற எட்டுப் பேரும் பசியில் கத்துவார்கள் என்று தெரிந்ததும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குடோன்காரர்கள் சரக்கை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒற்றைச் சுவர் தன் வேலையைக் காட்டியது. ஒவ்வொரு லாரிக்கும் ஒன்பது கோதண்டங்களும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நன்றாக வேண்டும் என்று டீக்கடையில் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள்.

விஷயம் ஹெலினாவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "பால் காச்சினவங்கதானே குடியிருக்கணும்? ஊடு கரெக்டா கீது," என்றாள். சம்பந்தப்பட்ட குடும்பம் வந்து மறுபடி காய்ச்சினால் அந்த வீட்டுக் கோதண்டத்துக்கு விடுதலை. ஆனால் அதற்கு முன் படத்தில் இருக்கிறபடி வீடு இருக்க வேண்டும், பட்டாவும் கைக்கு வர வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பங்களா விற்பனைக்கு வந்தது. அந்தப் பணத்தில் வாங்கிய செங்கல், சிமெண்ட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். ஒன்பது கோதண்டங்களும் லுங்கியை மடித்துக் கட்டி, கை கொப்பளிக்க, தாங்களே இரண்டாவது சுவரை எழுப்பினார்கள். அடைத்த ஜன்னலைத் தாங்களே உடைத்துத் திறந்தார்கள். ஹெலினா மட்டக்கோலை வைத்துப் பார்த்து, கோணல் என்று இரண்டு தடவை இடிக்கச் சொன்னாள். ஒரு தடவை உண்மையிலேயே கோணல். பிறகு குடும்பங்கள் ஒன்றொன்றாக வந்தன. பால் பொங்கியதும் மூலையில் நின்ற கோதண்டம் நீராவியோடு காணாமல் போவார். எட்டு வீடு இப்படி நிறைந்தது.

ஒன்பதாவது வீடு பச்சையப்பனுடையது. அவர் மனைவி கண்ணம்மா பட்டாவை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பால் பாக்கெட் வாங்கவில்லை. கோதண்டம் வாசற்படிக்கு உள்ளேயே சாஷ்டாங்கமாக விழுந்தார், அம்மா தாயே என்று அரற்றினார். கண்ணம்மா குனிந்து அவரைப் பார்த்தாள். "எந்திரி நைனா. இது என் ஊடு. உனுக்குத்தான் வுட்டுக் கீறேன். வாடகை வாணாம். நல்லா காலை நீட்டிப் படு," என்றாள். வேறு யாராவது காய்ச்சலாமே என்று ஒருவர் முணுமுணுத்ததற்கு எட்டுக் குடும்பத்துப் பெண்களும் அவரை முறைத்த முறைப்பில் அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

ஹெலினாவுக்கு மனசு கேட்கவில்லை. கோதண்டத்தைத் தொலைத்துத் தலைமுழுகிவிட்டு நீ வீட்டில் நிம்மதியாக இரு என்று கெஞ்சிப் பார்த்தாள். திருநின்றவூர் வாடகை, பழைய ரயில், அதே அன்னனூர், இதெல்லாம் உனக்கு எதற்கு என்றாள். கண்ணம்மா அசையவில்லை. என் வீட்டுக்காரர் செத்த இடத்தைத் தினம் தாண்டிக்கூட வருவேன், இவன் வெளியே நடமாடுகிற ஊரில் மட்டும் இருக்க மாட்டேன் என்றாள். கடைசியில் ஹெலினாவே இறங்கி வந்தாள். பாலம் தரையைத் தொடுகிற இடத்தில், சாலைக்கு எதிர்ப்பக்கம், குப்பை கொட்டுகிற முக்கோணத் துண்டு ஒன்று யாருக்கும் உதவாமல் கிடந்தது. அனுமதிக்கு அலைந்து, அதற்கும் ஒரு வீடு வரைந்தாள். ஒரு அறை, ஒரு பரண், இரட்டைச் சுவர். எல்லாம் முடித்துவிட்டு, ஜன்னல் ஒன்றுதான் வைக்க முடியும், காற்று வருகிற பக்கம் வைக்கட்டுமா, வெளிச்சம் வருகிற பக்கம் வைக்கட்டுமா என்று கேட்டாள்.

"அவன் தெரியிற பக்கமா வையி பாப்பா."

ஹெலினா பென்சிலை எடுத்தாள். காற்று குறைவுதான், கோடையில் அறை புழுங்கத்தான் செய்கிறது. கண்ணம்மா காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து ஒன்பதாம் வீட்டைப் பார்க்கிறாள். ஆள் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் பல் விளக்கப் போகிறாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் இப்போது அந்த நிறுத்தத்தைக் கோதண்டம் ஊடு என்றுதான் சொல்கிறார்கள்.