காகிதக் குவளை

...தேநீர்தான், தேநீராகத்தான் இருக்கும், வேறென்ன, காலையில் அவளே கொதிக்க வைத்து ஆற்றி இரண்டு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்த பார்லித் தேநீர், ஆனால் இந்தப் பாழாய்ப்போன தேநீருக்கும் பீருக்கும் ஒரே நிறம் என்பது வீட்டில் இருக்கும்போது ஏன் தோன்றவில்லை? சயோகோ கண்ணை எடுக்கவில்லை. வெள்ளைக் காகிதக் குவளை, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவள் புருஷன் தைஜி அதை முழங்காலின் மேல் வைத்து விரல்களால் சுற்றிப் பிடித்திருந்தான். குடிக்கவில்லை, கீழே வைக்கவுமில்லை. புல்லில் விரித்த நீலப் படுதாவின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் அவள், நடுவில் புகை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று யாரும் சொல்லவில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. முதலிலேயே அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம்... உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள், காவலுக்கு வந்திருக்கிறாள் என்பார்கள். காவலுக்குத்தானே வந்திருக்கிறாள்?

மருயாமா பூங்கா முழுக்க இப்படித்தான், மரத்துக்கு மரம் படுதா, படுதாவுக்குப் படுதா அடுப்பு, கவிழ்த்த தொப்பி போன்ற இரும்புச் சட்டிகளில் ஆட்டிறைச்சி சீறுகிறது. செர்ரிப் பூ இருக்கும் வரைதான் இங்கே நெருப்பு மூட்ட அனுமதி, அதனால் சப்போரோவே திரண்டு வந்ததுபோல் கூட்டம், கம்பளிச் சட்டைக்கு மேல் குளிர் அங்கியும் போட்டுக்கொண்டு, மூக்கு சிவக்க, ஆனாலும் வசந்தம் வசந்தம் என்று சிரிக்கிறார்கள். அவர்களுடைய கூட்டம் பனி அள்ளும் வண்டிக்காரர்களுடையது. குளிர்காலம் முழுக்க ஊர் தூங்கும்போது தெருத்தெருவாகப் பனியை வழித்துத் தள்ளியவர்கள், செர்ரி பூத்ததும் ஒரு நாள் ஒன்றுகூடித் தின்று குடிப்பார்கள். குடிப்பார்கள். அந்தச் சொல்லைத் தாண்டி அவள் மனம் நகரமாட்டேன் என்றது. சட்டியிலிருந்து ஒரு துண்டு இறைச்சியைக் காகம் கொத்திக்கொண்டு பறக்க, தலைவர் குமகாய் செருப்பை எடுத்து அதன் மேல் வீசினார். செருப்பு பக்கத்துக் கூட்டத்துக் முட்டைக்கோசுத் தட்டில் விழுந்தது. எல்லோரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள். தைஜியும் சிரித்தான். அந்தச் சிரிப்பு... கொஞ்சம் நீளமாக இல்லை?

"தங்கச்சி! என்ன மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? பூ பாக்க வந்தியா, பரீட்ச எழுத வந்தியா?" என்று கத்தினார் குமகாய். "சாப்பிடு, நல்லா சாப்பிடு, உன் வீட்டுக்காரன் இந்த வருஷம் ரெண்டாள் வேல பாத்திருக்கான்!"

பார்த்தான்தான். போன வசந்தத்தில் அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான், பூவை அவள் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்தாள், பார்த்தாளா, ஏதோ வெளிறிய மேகம் மாதிரி கடந்து போனது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு விடியலில் வண்டியில் ஏறப்போனவனைக் குமகாய்தான் காலரைப் பிடித்து இறக்கினாராம், "உன் வாயில தீக்குச்சி உரசினா எரியும்டா" என்று. வேலையை விட்டுத் துரத்தவில்லை, நேரே மருத்துவரிடம் கூட்டிப்போனார். அந்த மனிதருக்குக் கோயில் கட்டலாம். ஆனால் அதே மனிதர் இப்போது ஒவ்வொரு குவளையாக நிரப்பிக்கொண்டு வருகிறாரே, தைஜியிடம் வந்ததும் கை நிற்குமா? மறந்துவிட்டால்? ஒன்று மட்டும், வசந்தத்துக்காக ஒன்று, என்று யாராவது சொல்லிவிட்டால்? மண்ணெண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால், பனிக் காலணிக்குள், அரிசி டப்பாவில்... எங்கெல்லாம் எடுத்தாள் பாட்டில்களை. ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்போது அழுகை வரும், கூடவே, சொன்னால் வெட்கம், கெட்டிக்காரி என்ற பெருமையும் வரும், பார், பிடித்துவிட்டேன் என்று.

"லைலாக் பூ விழாவுக்கு வருவீங்களாக்கா? செடி சும்மாவே தர்றாங்களாம், வரிசையில நிக்கணும். நான் போன வருஷம் நின்னேன், எனக்கு முன்னாடி ஆளோட தீந்துபோச்சு!" பக்கத்தில் இருந்த அகனே, புதிதாகச் சேர்ந்த ஓட்டுநரின் மனைவி, சோளத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள். ஆமாம் என்றாள் சயோகோ. எதற்கு ஆமாம்? தலையைத் திருப்பியதுதான் தப்பு. ஒரே ஒரு வார்த்தைதான், மறுபடி அந்தக் கோடியைப் பார்த்தபோது தைஜியின் இடம் காலி. குவளையும் இல்லை. கழிப்பறைக்குப் போனவன் குவளையை ஏன் எடுத்துப் போகவேண்டும்? யார்தான் எடுத்துப் போவார்கள்? அகனேயின் புருஷனையும் காணோம். மரங்களுக்குப் பின்னால் ஆயிரம் பேர், ஆயிரம் பாட்டில், யாரும் யாருக்கும் ஊற்றிக் கொடுக்கிற நாள் இது. எழுந்து போகலாமா... போய் என்ன கேட்பது, வாயை ஊது என்றா? சாஸ் கிண்ணத்தில் ஒரு பூவிதழ் விழுந்து மிதந்தது, அதைச் சாப்பாட்டுக் குச்சியால் எடுக்கிறாள், எடுக்கிறாள், வரமாட்டேன் என்கிறது.

வந்துவிட்டான். அகனேயின் புருஷன் தோளில் கை போட்டபடி, முகம் சிவந்து, காற்றில் சிவந்ததா, புகையிலா, இல்லை... நடை நேராகத்தான் இருக்கிறது. பழைய நாளிலும் நடை நேராகத்தான் இருக்கும், நேராக நடப்பதில் கெட்டிக்காரன். இப்போது குவளை விளிம்புவரை நிறைந்திருக்கிறது, சிந்தாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். குமகாய் எழுந்து தன் குவளையைத் தூக்கினார். "ஒரு வண்டியும் கவுரல! ஒருத்தன் காலும் ஒடியல! அடுத்த பனி வர்ற வரைக்கும் நம்மள யாரும் திட்டப்போறதில்ல! தூக்குங்கடா!" எல்லாக் கைகளும் உயர்ந்தன, தைஜியின் கையும். அவன் உதடு குவிந்தது. அந்தக் குவிப்பு அவளுக்குத் தெரியும், அய்யோ, நன்றாகத் தெரியும்...

எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை. காலுறையோடு ஈரப்புல்லில் ஓடி, யாருடைய தட்டையோ மிதித்து, அவன் கையிலிருந்து குவளையைப் பிடுங்கி, எல்லோர் முன்பும் மடக்கென்று வாயில் ஊற்றிக்கொண்டாள்.

தேநீர். கொஞ்சம் கருகின வாசனையோடு, அவள் வறுத்த அதே தேநீர்.

நிம்மதி வரவில்லை. அதுதான் விசித்திரம். இருட்டில் இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் தரை வந்துவிடுமே, அந்தத் திடுக்கிடல்தான் முதலில் வந்தது. என்ன, ஏமாற்றமா? சீ. ஏமாற்றம் எப்படி இருக்கமுடியும்? சட்டியில் இறைச்சி சீறிக்கொண்டிருந்தது. "தங்கச்சிக்குத் தாகம்டா! பாவம், பச்சத் தண்ணி கூடக் குடுக்காம உக்கார வச்சிருக்கீங்க!" என்று குமகாய் சத்தமாகச் சொல்ல, எல்லோரும் தேவைக்கு மேல் சிரித்தார்கள். தைஜி சிரிக்கவில்லை. பாட்டிலைத் திறந்து அதே குவளையில் மறுபடி ஊற்றி நீட்டினான். "இன்னும் வேணுமா?" கோபமே இல்லாத குரல். திட்டியிருக்கலாம். குவளையைத் தூக்கி எறிந்திருக்கலாம்.

பிறகு, "வா, கோயில் பக்கம் கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்றான். நடந்தார்கள். மத்தளச் சத்தம், உருளைக்கிழங்கில் வெண்ணெய் உருகும் மணம், முன்னால் ஒரு கிழவர் நாய்க்குப் பூவைக் காட்டிக்கொண்டு போனார். மன்னிச்சிடுங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், அதற்குள் அவன் சொன்னான், "நீ தினமும் என் துண்ட மோந்து பாக்குறது எனக்குத் தெரியும்."

அவளுக்குக் காது சுட்டது. "எப்பலேந்துங்க?"

"ஆஸ்பத்திரிலேந்து வந்த நாளா. அதான் நான் அலசாம அப்பிடியே தொங்கவிட்டுடறது. நீ பாத்துக்கணும்னு."

குடித்த வாடை வருகிறதா என்று இத்தனை மாதமாக ஒளிந்து ஒளிந்து முகர்ந்தது ஒளியவே இல்லை. அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று காத்துக்கொண்டிருந்திருக்கிறான், அவள் முகர்ந்து முடிக்கட்டும் என்று. "இனிமே பாக்கமாட்டேன்" என்றாள். அவன் அண்ணாந்து மரத்தைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் பூவைப் பார்க்கிறாள், அடேயப்பா, இவ்வளவா, கிளையே தெரியாமல். காற்று ஒரு வீச்சு வீசியது, இதழ்கள் அவன் தோளைத் தாண்டி அவள் முகத்தில் வந்து விழுந்தன. அவன் தோளைத் தாண்டி... சயோகோ நடையைத் தளர்த்தினாள். பாதை அகலமாகக் கிடக்கிறது, அவனுக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் அவள் அரை அடி பின்னால், காற்று அவனைத் தொட்டுவிட்டுத் தன்னிடம் வருகிற பக்கமாகப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். யார் சொல்லி இந்தப் பக்கம் வந்தாள்? கால்கள் எப்போது முடிவு செய்தன? மாறிவிடலாம், இப்போதே, இரண்டு எட்டு வைத்தால் போதும்... இந்த ஒரு மரம் தாண்டட்டும் என்று நினைத்தாள், நினைத்தபடியே மூச்சை மெல்ல உள்ளே இழுத்தாள்.