கண்ணாத்தாளின் கடலும் என் வாய்மடையும்

ஊர் சுற்றிப் பார்க்க எங்களை அனுப்பியது மகள் எழில்மொழி. முதலில் தஞ்சாவூர், அடுத்து தாராசுரம், கடைசியில் தரங்கம்பாடிக் கோட்டையும் கடலும். என் மனைவி கண்ணாத்தாளுக்குக் கோயில், அரண்மனை எது தவறினாலும் பரவாயில்லை, கடல் வேண்டும். பூதலூர்ப் பக்கம் பிறந்து பூதலூர்ப் பக்கமே வாக்கப்பட்டவள், கடலைப் பார்த்ததில்லை. குறுவை நடவு தொடங்கிவிட்டால் நாங்கள் அசைய முடியாது. போனால் இப்போதுதான்.

எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பெரிய கோயில் வாசலில் என் செருப்பில் ஒன்று, அவள் செருப்பில் ஒன்று என்று ஜோடி மாற்றி, இரண்டு இடத்தில் விட்டேன். எவன் எடுத்தாலும் போட முடியாது. கண்ணாத்தாள் நந்தி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். உள்ளே ஒருவன், கோபுரத்தின் நிழல் கீழே விழாது என்று ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நிழலில்தான் நாங்கள் உட்கார்ந்து கால் ஆற்றினோம்.

மறுநாள் கும்பகோணத்திலிருந்து தாராசுரம் போனோம். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வாய்க்கால். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு புதுத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"ஆத்துல தண்ணி வந்துருச்சுங்க" என்று குனிந்து அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டாள்.

இங்கேயே வந்துவிட்டதென்றால், மேலே இருக்கிற எங்கள் ஊருக்கு நேற்றே வந்திருக்கும். அடுத்த வாரம்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

"ஊருக்குப் போயிருவோம்" என்றேன்.

"எதுக்கு?"

"வாய்மடையை அடைச்சுட்டு வந்துருக்கேன். மண்ணு மூட்டை போட்டு, தென்னமட்டையும் வெச்சு."

"யாரு வாய்மடையை?"

"நம்மளதத்தான்."

வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் நுழைகிற இடம் அது. என் வயல் வழியாகத்தான் பக்கத்து வயல்காரன் கலந்தருக்குத் தண்ணீர் போகும். நான் இல்லாத நேரத்தில் தண்ணீர் வந்தால், என் வயலில் நிற்க விடாமல் மொத்தத்தையும் அவன் பக்கம் இழுத்துக்கொள்வான் என்று சந்தேகம். இப்போது என் நாற்றுக்கே தண்ணீர் இல்லை. கோடை மழை ஈரத்தில் முளைத்தது. இன்னும் ஒரு வெயில் தாங்காது.

கண்ணாத்தாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அடுத்தவன் மடையை அடைக்கிறவனப் பாத்துருக்கேன். தன் மடையையே அடைச்ச மனுசன இப்பதான் பாக்குறேன்."

"வா, பஸ் புடிப்போம்."

"கலந்தர் அண்ணனுக்குப் போன் போடுங்க. ஏசுவாரு. ஏசிட்டு எடுத்துவிடுவாரு."

"எடுத்துட்டேன்னு பொய் சொன்னா?"

"அப்ப நீங்க ஊருக்குப் போங்க. நான் தனியாப் போயிக் கடலப் பாத்துட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு, போனை என் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பாராமல் கோயிலுக்கு நடந்தாள். சந்தைக்குக்கூடத் தனியாகப் போகாதவள். போய்விடுவாள் என்று தோன்றியது. அவள் பின்னாலேயே நடந்தபடி போனைப் போட்டேன்.

"மச்சான், ஒன் வாய்மடையை எவனோ அடைச்சுப்புட்டான்" என்று கலந்தரே ஆரம்பித்தான். "காலையிலேருந்து விசாரிக்கிறேன். மேல்வயல் உபைதுல்லாதான்னு நெனச்சு அவனோட சண்டையே போட்டுட்டேன்."

"நான்தான் அடைச்சேன்."

அவன் சிரித்த சிரிப்பு முன்னால் போன கண்ணாத்தாளுக்கே கேட்டது. நின்றுவிட்டாள்.

"நீ இல்லாதப்ப கை வெச்சா வந்து தாம்தூம்னு குதிப்பேன்னுதான் தொடாம நிக்கிறேன். எடுக்கட்டுமா?"

"எடு."

"சும்மா சொன்னா நம்ப மாட்டே. பாரு."

போனில் அவன் முகம் வந்தது. அப்புறம் என் வரப்பு. மூட்டையை இழுத்துப் போட்டான். தண்ணீர் நாற்றங்காலுக்குள் பரவியது.

"கீழ் மூலையக் காட்டு" என்றேன். காட்டினான். "ஒன் பக்கத்து மடை?"

"மூடித்தான் கெடக்கு, பாரு. ஒன் நாத்து நனைஞ்சப்புறம் தெறந்துக்கறேன். போதுமா? எங்க நிக்கிறே நீ?"

அதற்குள் கோயில் மண்டபத்துக்கு வந்திருந்தோம்; போனைத் திருப்பினேன். கல்தேர், கல்சக்கரம், இழுக்கிற கல்குதிரை, அதன் பக்கத்தில் கண்ணாத்தாள்.

"தங்கச்சி, அந்தக் குதிரை ஓடுமா?"

"இவரு அடைச்சு வெக்காம இருந்தா ஓடும்ண்ணே" என்றாள்.

மறுநாள் தரங்கம்பாடி. கோட்டையை நான் பார்த்தேன்; அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நடவுக்கு இறங்குவதுபோலச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகக் கடலுக்குப் போனாள். முதல் அலையிலேயே செருகியது எல்லாம் நனைந்துபோனது. சட்டென்று தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயில் பட்டதைத் துப்பி, "உப்புங்க" என்று எனக்குச் சேதி சொன்னாள்.

"எந்திரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அடுத்த பஸ்ஸு வரும்."

அடுத்த பஸ் வரும் என்று எனக்கு நிச்சயமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.