இல்லாத பங்குக்கு ஒரு கையெழுத்து

அமுதவல்லிக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு விஷயம் ஏன் எதற்கென்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பேரன் எடுத்த பிறகும் அது போனபாடில்லை. "நாளைக்குப் பத்திர ஆபீசுல ஒரு கையெழுத்து போடோணும், வாக்கா" என்று தம்பி ராஜேந்திரன் போனில் சொன்னதும், மாரமங்கலத்தில் பஸ் ஏறி அன்றைக்கே ஏற்காட்டில் தாய்வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "எனக்குத்தான் இங்க ஒண்ணுமில்லையே. அப்புறம் எதுக்குடா என் கையெழுத்து?"

"அது சும்மா ஒரு வழக்கம்க்கா. டூரிஸ்ட்டுக்கு நாலு ரூம் கட்டலாம்னு இருக்கேன். அப்பா தோட்டத்தை இப்பவே என் பேருக்கு எழுதித் தர்றாரு. உங்கிட்டயும் ஒண்ணு வாங்கிக்கச் சொன்னாரு வக்கீல்." ராஜேந்திரன் அவள் முகத்தைப் பார்க்காமல் காப்பி டம்ளரைப் பார்த்துப் பேசினான். அமுதவல்லி அதையும் கவனித்துக்கொண்டாள்.

பின்னே, அவளுக்கு உறுத்தாதா? "உனக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு அனுப்பியாச்சு, கண்ணு" என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. பிறந்த வீட்டில் ஒரு கொய்யா பறிப்பதென்றாலும் தம்பி மனைவி சசிகலாவிடம் சொல்லிவிட்டுத்தான் பறிப்பாள். ஊருக்குக் கிளம்பும்போது சசிகலா ஒரு பையில் தோட்டத்து மிளகு போட்டு நீட்டுவாள். இவள் "எதுக்கு சசி, வேண்டாம்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு, கூச்சத்தோடு வாங்கிக்கொள்வாள்.

அப்பா மாரிசாமி கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். "ஏனுங்கப்பா, எனக்குப் பங்கில்லைன்னு உயில்லயே எழுதியிருக்கீங்க. இல்லாததுக்கு எதுக்குங்க கையெழுத்து?"

"அட, அதுதானே எனக்கும் புரியல. உயில் எழுதி எத்தனையோ வருசமாச்சு. எழுதின பொறவு அதுல என்ன கண்ணு இருக்குது?" என்றார். பெட்டியிலிருந்து எடுத்தும் கொடுத்தார். இனிமேல் பொறுக்குமா அவளுக்கு? தம்பி வைத்திருந்த பத்திர நகலையும் வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஒண்டிக்கடை பஜாருக்கு நடந்தாள்.

அங்கே ஒரு மாடியில் ஸ்டெஃபி என்ற வக்கீல் பெண் ஆபீஸ் வைத்திருந்தாள். இரண்டையும் படித்துவிட்டு முதலில் ஒரு கேள்வி கேட்டாள். "தோட்டம் யாரு சம்பாதிச்சதுங்கம்மா?"

"எங்க பாட்டன். எங்கப்பா சின்னப் பையனா இருக்கறப்பவே, அம்பதாம் வருசமோ என்னவோ, அவரு செத்துட்டாருங்க."

"அப்ப பூர்வீகச் சொத்து. உங்க கல்யாணம் எப்பங்க?"

"எண்பத்தொம்பது தை மாசம்."

ஸ்டெஃபி சிரித்துவிட்டாள். "அந்த வருசம் பங்குனியில இருந்துதாங்கம்மா தமிழ்நாட்டுல பொண்ணுகளுக்கும் பங்குன்னு சட்டம். அதுக்கு முன்னாடி கட்டிக்கிட்டுப் போனவங்களுக்கு இல்லைன்னுட்டாங்க. உங்கப்பா உயில் எழுதினப்ப அவரு எழுதினது சரிதான். ஆனா ரெண்டாயிரத்தஞ்சுல அந்தத் தடையும் போயிருச்சு. சட்டம் மாறுச்சு, உங்கப்பா உயிலை மாத்தல. இப்ப அப்பாவுக்கு ஒரு பங்கு, தம்பிக்கு ஒரு பங்கு, உங்களுக்கு ஒரு பங்கு. அவரோட பங்கை அவரு யாருக்கு வேணா எழுதலாம். உங்களுதை எழுத முடியாது. அதை நீங்களா விட்டுக் குடுத்தாத்தான் உண்டு. அதுக்குத்தான் இந்த விடுதலைப் பத்திரம்."

"விடுதலையா? யாருக்குங்க விடுதலை?" என்று கேட்டாள் அமுதவல்லி.

திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் பங்கு போய்விடும். போடாவிட்டால் தம்பி போய்விடுவானோ? அம்மா இல்லாத வீட்டில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அவன் ஒருத்தன்தான்.

வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொன்னாள். மாரிசாமி ரேடியோவை நிறுத்தினார். "அப்ப இத்தனை வருசமா உன்னோடதையும் சேத்தா நான் என்னோடதுன்னு சொல்லிட்டிருந்தேன்?" என்றார்.

"உனக்கு முன்னாடியே தெரியும்தானேடா?" என்று தம்பியைக் கேட்டாள்.

ராஜேந்திரன் தலைகுனிந்தான். "போன மாசம்தான்க்கா வக்கீல் சொன்னாரு. சொன்னா நீ பிரிச்சுக் கேப்பியோன்னு நொம்பப் பயந்துட்டேன்."

"கேட்டாத் தப்பா?"

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். "நாளைக்குக் கையெழுத்து கிடையாது. ரூம் வேண்டாம்னு நான் சொல்லல, நல்லாக் கட்டு. எங்க கட்டறேன், எந்த மரத்தை வெட்டறேன்னு என்னையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கட்டு. அப்பா, உங்க பங்கை யாருக்கு எழுதறதுன்னு நீங்க புதுசா எழுதுங்க. அதுல நான் தலையிடல." சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

சசிகலாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் உள்ளே போய் மிளகுப் பையை எடுத்து வந்து, தயங்கித் தயங்கி நீட்டினாள். "கொஞ்சம் மிளகுங்க அண்ணி..."

அமுதவல்லி பையை வாங்கினாள். அதன் வாயைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு படி போடு, சசி" என்றாள்.