ஒத்தை ஆள் வத்தை

அந்தோணியார் திருவிழா முடிந்த மறுநாள் எங்கள் கரையில் வத்தை ஓட்டம் நடக்கும். ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே இருக்கிற சின்னக் கரைதான். ஆனாலும் அன்றைக்கு மீமிசல்வரைக்கும் உள்ள சனம் வந்து மணலில் குந்திவிடும். மற்ற நாளெல்லாம் நான் உப்பளத்தில் மூட்டை சுமக்கிறவன். அந்த ஒரு நாள் மட்டும் சவரியப்பன் என்றால் யாரு என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

ஓட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வத்தை லேசான படகு, அடி தட்டை. பாயோ பெரிசு. சோழகம் என்கிற தெக்கத்திக் காத்து அந்தப் பாயைத் தள்ளினால் வத்தை கவிழத்தான் பார்க்கும். கவிழாமல் நிறுத்துவது ஆள் உடம்பு. குறுக்கே ஒரு நீளப் பலகை போட்டு, காத்து வருகிற பக்கம் அதை வெளியே நீட்டி, நாலு பேர் அதில் ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேலே மல்லாந்து நிற்போம். காத்து ஏறினால் நுனிக்கு ஓடணும், அடங்கினால் உள்ளே ஓடியாரணும். ஒருத்தன் பிந்தினால் எல்லாரும் தண்ணிக்குள்ளே. கல்யாணத்துக்கு முந்தியிருந்தே பலகையின் நுனி ஆள் நான்தான். என் பக்கத்தில் நின்று படித்தவன்தான் மூக்கன். இப்போது அவன் தனி வத்தைக்குச் சுக்கான் பிடிக்கிறான்.

நயா பைசா வந்த வருசம் உப்பு மூட்டையோடு வரப்பில் வழுக்கி விழுந்தேன். வலது முழங்கால் போச்சு. நடக்கலாம், சுமக்கலாம், பலகையில் ஓட முடியாது. கடைசியாக என்னோடு பலகை ஏறின மூணு பேரும் பிழைப்புக்குக் கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள். அடுத்த திருவிழாவுக்கு, ஓட்டத்தை முன்நின்று நடத்துகிற கோயில்பிள்ளை அடைக்கலம் வந்து, "சவரி, நீ பந்தல்ல ஒக்காந்து யாரு முந்துனான்னு பாத்துச் சொல்லுப்பா. மரியாதையான எடம்" என்றார். போய் உட்கார்ந்தேன். மோர் கொடுத்தார்கள். குடிக்காமல் பக்கத்தில் இருந்த பையனிடம் நீட்டிவிட்டேன்.

கால் போகிறதுக்கு ரொம்ப முந்தி, தூத்துக்குடித் துறைமுகத்தில் கொஞ்சகாலம் நான் மூட்டை தூக்கியிருக்கிறேன். அங்கே ஒரு கம்பெனி தொரை சாயங்காலமானால் ஒரு குட்டிப் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போவார். தலை நரைத்த ஆள். பலகையும் இல்லை, கூட ஆளும் இல்லை. நாற்காலியில் சாய்ந்த மாதிரி உள்ளே உட்கார்ந்து, ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பாய்க்கயிறு. எவ்வளவு காத்தடித்தாலும் சாயும், கவிழாது. ஒருநாள் சாயம் பூச அதைக் கிரேனில் தூக்கினார்கள். அப்போதுதான் அடியைப் பார்த்தேன். சுறாவின் முதுகுத் துடுப்பு தலைகீழாக முளைத்த மாதிரி ஒரு தகடு, அதன் அடியில் இரும்புக் கட்டி. நாலு பேர் மேலே நின்று செய்கிற வேலையை அந்தக் கட்டி கீழே தொங்கிக்கொண்டே செய்கிறது!

பந்தலில் இருந்து எழுந்து வந்ததும் அந்த அடிதான் கண்ணுக்குள் நின்றது. எங்கள் பழைய சின்ன வத்தையை எடுத்து, தண்ணி உள்ளே புகாதபடி மேல்பக்கம் பலகை அடைத்தேன். கீரமங்கலத்துக் கொல்லர் நாகராசு கனத்த தகட்டில் தண்டவாளத் துண்டை வைத்து ஆணி அறைந்து கொடுத்தார். மாட்டுவண்டியில் அது வந்து இறங்கினபோது மூக்கன் பார்த்துவிட்டான்.

"என்னண்ணே, ரயில் விடப் போறியளா?"

"வத்தைக்கு அடியில கட்டப் போறேன்டா."

"எல்லாரும் நங்கூரத்தத் தூக்கிட்டுத்தான் ஓடுவாங்க. அண்ணன் நங்கூரத்தக் கட்டிக்கிட்டு ஓடப் போறாரு!"

கரையே சிரித்தது. என் வீட்டுக்காரி இன்னாசியம்மாளும் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே வண்டியில் இருந்து இறக்க ஒரு கை கொடுத்தாள்.

முதல் தடவை அதில் தனியாகப் போன அன்றைக்கு எனக்கு ஏற்பட்டதை எப்படிச் சொல்வது? பலகையில் நிற்கிறபோது என் உடம்பு சுக்கான்காரனுக்குச் சொந்தம். ஓடு என்றால் ஓடணும், வா என்றால் வரணும். காத்து எங்கே வருகிறதென்று என் முதுகுதான் பார்க்கும். இதில் கயிறும் என் கை, சுக்கானும் என் கை. காத்து ஓங்கி அடித்ததும் வத்தை சாய்ந்தது. அப்புறம் அது தானாகவே, யாரும் ஒன்றும் செய்யாமலே, மாடு எழுந்திருக்கிற மாதிரி மெதுவாக நிமிர்ந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். பிந்தினான் என்று வைய ஆளில்லை. தப்புச் செய்தால் நான், சரியாகச் செய்தால் அதுவும் நான். காலுக்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்த வருசத்து ஓட்டத்துக்குப் பேர் கொடுக்கப் போனேன். அடைக்கலம் தாடையைத் தடவினார். "அஞ்சாள் ஓட்டத்துல ஒத்தையாளு எப்புடிப்பா?"

மூக்கன் குறுக்கே வந்தான். "விடுங்க கோயில்பிள்ளை, வரட்டும். ஆனா முடிவுல கொடிக்கம்ப அவரே வந்து தொடணும். தொடையளவு தண்ணியில நட்டிருக்கோம். அண்ணன் இரும்பு அதுக்கு முந்தியே தரை தட்டும். எறங்கித் தள்ளக்கூடாது, யாரும் இழுத்து விடவும் கூடாது. முடியலைன்னா அடுத்த வருசம் பந்தலுக்கு வந்துடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். இரும்பு தட்டும் என்று எனக்கும் தெரியும். தண்ணி கொஞ்சம் ஏறிக் கிடந்தால் போய்விடலாம் என்ற நம்பிக்கைதான்.

அன்றைக்குச் சோழகம் காலையிலேயே கிளம்பிவிட்டது. தெற்கே கடலுக்குள் நட்ட மூங்கிலைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பணும். தெற்கே போவதென்றால் காத்துக்கு எதிரே போவது. வலமும் இடமுமாக மாறி மாறித் திருப்பித்தான் ஏறணும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் வத்தைக்காரர்கள் பலகையை ஒரு பக்கமிருந்து உருவி மறுபக்கம் தள்ளி, நாலு பேரும் தாவி ஏறணும். நான் சுக்கானைத் தள்ளினேன், தலையைக் குனிந்தேன், பாய் மாறியது, அவ்வளவுதான். அவர்கள் சத்தம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. "இழுடா! தள்ளுடா! எங்கடா போன செத்த பயலே!" நானும் அப்படித்தான் வசவு வாங்கியிருக்கிறேன். மூங்கிலை நான்தான் முதலில் சுற்றினேன். கரையில் எழும்பிய சத்தம் அங்கேவரைக்கும் கேட்டது.

திரும்பும்போது காத்து பின்னாலிருந்து பக்கவாட்டாக அடித்தது. அங்கே லேசுப் படகுக்குத்தான் ராச்சியம். மூக்கன் வத்தை தண்ணியில் தொட்டும் தொடாமலும் என்னைத் தாண்டிப் போனது. பலகையில் நாலு பேரும் வரிசையாகத் தொங்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவன்தான் முதலில் போய்க் கம்பில் இருந்த கொடித்துணியை உருவி ஜெயித்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. கம்பைத் தொடணும், அதுதான் கணக்கு.

கம்புக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது அடியில் பொத்தென்று ஒரு சத்தம். வத்தை நின்றுவிட்டது. சோழகம் தண்ணியை வடக்கே தள்ளியிருந்தது; ஏறிக் கிடக்கும் என்று பார்த்த தண்ணி வற்றிக் கிடந்தது. இரும்பு சேற்றில்.

கரை முழுக்க எழுந்து நின்று கத்தியது. "மேல ஏறு சவரி! காத்துப் பக்கம் ஏறு!" அவர்கள் கத்துவதற்கு முந்தியே என் உடம்பு ஏறிவிட்டது. இத்தனை வருசப் பழக்கம். சிக்கல் என்றால் காத்து வருகிற பக்கம் தாவு, படகை நிமிர்த்து. ஒத்தைக் காலை இழுத்துக்கொண்டு அந்த விளிம்பில் உட்கார்ந்து மல்லாந்தேன். வத்தை நிமிர்ந்தது. நிமிர நிமிர இரும்பு இன்னும் ஆழமாகச் சேற்றில் இறங்கியது.

மற்ற வத்தைகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. மூக்கன் இடுப்பளவு தண்ணியில் கயிற்றுச் சுருளோடு வந்தான். இப்போது அவன் முகத்தில் கேலி இல்லை.

"அண்ணே, போதும்ணே. கயித்தப் புடிங்க, நான் இழுத்து விடுறேன்."

கயிறு என் முன்னால் வந்து விழுந்தது. பிடித்தால் கரை சேரலாம், அடுத்த வருசம் மோர் குடிக்கலாம்.

"எடுத்துக்கடா ஒன் கயித்த" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். சொல்லிவிட்டு இரும்பைப் பற்றி யோசித்தேன். நிமிர்ந்தால் அது நேராகக் கீழே நிற்கும். சாய்ந்தால்? சாய்ந்தால் அதுவும் பக்கவாட்டில் போகும், சேற்றை விட்டு மேலே வரும். கவிழ்கிற பக்கம் போகணும். பலகைக்காரன் கனவில்கூடப் போகாத பக்கம்.

பாயை இறுக்கி இழுத்துக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பாய் சாய்கிற பக்கத்து விளிம்பில் போய் விழுந்தேன். கரையில் பொம்பளைகள் அலறினார்கள். "ஐயோ, கவுக்குறாரு! மனுசனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு!" விளிம்பு தண்ணியைத் தொட்டது, தோள்வரைக்கும் நனைந்தேன். வத்தை படுத்துவிட்டது. அடியில் சேறு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அது நகர்ந்தது. படுத்தவாக்கிலே, நண்டு மாதிரி ஒரு பக்கமாக, ஆனால் கம்பைப் பார்த்து நகர்ந்தது.

கம்பு பக்கத்தில் வந்ததும் எட்டிப் பிடித்தேன். விடவில்லை. அடைக்கலம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணிக்குள் ஓடி வந்தார். "தொட்டாச்சு! தொட்டாச்சு! இறங்கலை, நான் பாத்தேன்! எல்லாரும் பாத்தீகளா?" எல்லாரும் பார்த்தார்கள். கடைசி ஆளாகத்தான் வந்தேன். அன்றைக்குக் கொடியை எடுத்தவனைவிட என் பேரைத்தான் சனம் அதிகம் சொன்னது.

கூட்டம் கலைந்த பிறகும் மூக்கன் என் வத்தையைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் முதுகில் பலகைக் கயிறு அறுத்த தடம் சிவந்து கிடந்தது. அவனுக்கும் வயசு நிற்கவில்லை.

"அண்ணே, மூங்கில்கிட்ட ஒங்கள எங்களால தொடவே முடியலையே. நானும் கொஞ்சம் ஏறிப் பாக்கட்டா? நீங்க முன்னால ஒக்காந்து சொல்லுங்க."

"ரெண்டு பேருக்கு இதுல எடமில்லடா. நீ ஏறு. நான் எறங்கிக்கிறேன்."

ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன். போனான்.

இன்னாசியம்மாள் கஞ்சியும் கருவாடும் கொண்டுவந்தாள். மணலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். அவள் கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தாள்.

"ஏங்க, பாய் சின்னதாத் தெரியுதே, எம்புட்டுத் தூரம் போயிட்டான்! எப்ப திரும்புவான்?"

"பொறு புள்ள" என்றேன். "அதுல ஏறுனவன் லேசுல எறங்கமாட்டான்."