தொண்ணூறு விநாடி

"அதை வெச்சவங்ககிட்ட கேட்டீங்களாப்பா?"

ஆறு வயது ஃபெபா ஒருநாள் இப்படிக் கேட்டாள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தன் மென்பொருளிலிருந்து முந்நூறு வரிகளைக் கழித்துக்கட்டிவிட்டதாக பென்சன் மனைவியிடம் பெருமை பேசிக்கொண்டிருந்த நேரம். "ஒவ்வொருத்தரையா கேட்டா வருஷம் ஓடிடும் பாப்பா" என்று சிரித்தான். கேட்டிருந்தால் ஒரு நாள்கூட ஆகியிருக்காது.

பகலில் மூக்கண்டப்பள்ளித் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு இயந்திரப் பராமரிப்பு வேலை. மாலையில் இது: வயல் மோட்டாரைத் தானாக ஓடவிட்டு நிறுத்தும் சின்னப் பெட்டிக்கான மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தமும் அனுப்பலாம். எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது, புதிய பதிப்பை எப்போது வெளியிடுவது என்பது மட்டும் பென்சன் கையில். நிரல் சுத்தமாக இருந்தால்தான் பத்து வருஷம் கழித்தும் நிற்கும் என்று அவன் நம்பினான். அந்த நம்பிக்கையில் தவறில்லை.

அவன் நீக்கியவற்றில் ஒரு வரி, கரண்ட் வந்ததும் பெட்டியைத் தொண்ணூறு விநாடி சும்மா இருக்கச் சொன்னது. ஏன் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வீட்டு மேசையில் அது இல்லாமலேயே பெட்டி ஒழுங்காக ஓடியது. எழுதியவர் தீர்த்தகிரி, பேரிகை என்ற ஊரில் மோட்டார் மெக்கானிக். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

"அந்த வரி இருக்கட்டும் சார். எங்க பக்கம் வேணும்" என்று அவர் செய்தி அனுப்பினார்.

வெளியீட்டுக்கு இரண்டே நாள் இருந்தது. "காரணம் இல்லாத வரிக்கு இங்கே இடமில்லை" என்று பதில் போட்டான் பென்சன். ஏன் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் இன்னொரு செய்தி: "எங்க ஊரு வெங்கடம்மாள் அக்கா வயல் மோட்டார்ல காயில் கருகிடுச்சு சார்." அவ்வளவுதான். பென்சன் அன்றே வரியைத் திரும்ப வைத்தான். 'மோட்டார் பாதுகாப்பு கூட்டப்பட்டது' என்று அடுத்த பதிப்பின் குறிப்பில் தன் பெயரில் எழுதினான். பலர் பாராட்டினார்கள். தீர்த்தகிரி அதன்பின் எழுதவே இல்லை.

ஈஸ்டருக்கு முந்திய வாரம், ஜெபத்துக்கு முழங்காலிட்டபோதெல்லாம் அந்த மௌனமே அவன் முன்னால் வந்து நின்றது. அந்தச் சனிக்கிழமை பேரிகைக்கு பஸ் ஏறினான்.

தீர்த்தகிரி ஊரில் இல்லை. மாலூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாராம். வெங்கடம்மாள் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பென்சன் தான் யாரென்று சொன்னான்.

"பெட்டிக்காரரா? வாங்க. உங்க பெட்டி தூங்குது, நான்தான் முழிச்சிருந்து சுவிச்சு போடுறேன்."

"மோட்டார் எப்படிங்கம்மா..."

"கரண்ட் வந்தா ஊரு மோட்டாரெல்லாம் ஒண்ணா எழும்புமில்ல? வோல்டேஜ் தள்ளாடும், அப்ப ஓடவிட்டா காயில் கருகிடும். செத்த நேரம் பொறுக்கணும்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இந்தப் பெட்டிக்குத்தான் தெரியல."

"அதுக்கும் தெரிஞ்சிருந்ததும்மா. நான்தான் எடுத்துட்டேன். தீர்த்தகிரி எடுக்க வேண்டாம்னாரு, நான் கேக்கல. தப்பு என்னோடது."

அவள் கை நின்றுவிட்டது.

"அவன் அப்படிச் சொல்லலையே! 'எம்மேலதான் தப்புக்கா'ன்னான். அவனே காயில் கட்டிக் குடுத்தான். மூணு நாளு ட்ரம்முல தண்ணி சுமந்து நாத்தைக் காப்பாத்துனான். நான் பாவி, 'உன்னை நம்பிப் பெட்டிய மாட்டினேன் பாரு'ன்னு பத்து பேரு முன்னால ஏசிட்டேன். அப்புறம் ஒருத்தரும் அவனை மோட்டாருக்குக் கூப்பிடல."

அவள் திரும்பவும் நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள்.

"நீங்க போங்க" என்றாள். "அவனுக்கு நான் போன் பண்றேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுறதுன்னுதான் தெரியல."

மாலையில் வீடு திரும்பிய பென்சன் அந்த நிரலைத் திறந்தான். தொண்ணூறு விநாடி வரியை எழுதியவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை எடுத்துவிட்டு, தீர்த்தகிரியின் பெயரைப் போட்டான். வெங்கடம்மாள் சொன்ன காரணத்தை வரிக்கு மேலே எழுதினான். இனி யாராவது, அவனே ஆனாலும், அந்த வரியை நீக்கினால் புதிய பதிப்பு வெளியாக முடியாதபடி ஒரு சோதனையும் சேர்த்தான். அறிவிப்பு எதுவும் போடவில்லை. தீர்த்தகிரிக்கும் சொல்லி அனுப்பவில்லை. அவரிடம் ஒரு நன்றியையும் வாங்கிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை.

பிறகு பெட்டியில் ஒரு பல்பை மாட்டி, கரண்டை நிறுத்திப் போட்டு, ஒவ்வொரு விநாடியாக எண்ணினான். இருபது தடவை. கடைசித் தடவையும் தொண்ணூறு எண்ணி முடித்த பிறகே பல்பு எரிந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.