மகளின் அளவு

மனைவியைப் பிரிந்த அடுத்த வாரத்திலிருந்து தையல்காரர் யாருக்கு எதைத் தைத்தாலும் அது அவருடைய மகளின் அளவுக்கே வந்தது. முதலில் அப்படி வந்தது வங்கி மேலாளரின் கோட்டு. அளவெடுத்தது சரி, வெட்டியது சரி, ட்ரையல் பார்த்தபோதும் தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. கடைசிப் பொத்தானைத் தைத்து நூலை அறுத்ததும் அது ஐந்து வயதுச் சிறுமிக்கான கோட்டாகிவிட்டது. மேலாளர் அதை விரல்நுனியில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தையல்காரர் இஞ்ச் டேப்பை மாற்றினார், மெஷினை மாற்றினார், மேசையைக்கூடத் திசை திருப்பிப் போட்டார். ஓட்டுநரின் கால்சட்டை, காவலாளியின் காக்கிச் சட்டை, பெண் நீதிபதி ஒருவர் தைக்கக் கொடுத்த கறுப்பு அங்கி எல்லாம் குட்டி குட்டியாக வரிசையில் தொங்கின. சமைத்துப்போட வந்திருந்த அக்கா அவற்றை ஒரு பார்வை பார்த்தாள். “மெஷின் மேல ஏன்டா பழி போடறே? இது யாரோட அளவுன்னு உனக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

விவாகரத்தின்போது கணவனும் மனைவியும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் ஊரறிந்தது. குடும்ப நீதிமன்றத்துக்குள் கூப்பிடும் வரை மரப்பெஞ்சில் காத்திருந்த நேரத்தில் அது வாய்வார்த்தையாக முடிந்தது. “உங்க காசும் வேண்டாம், நீங்க வந்து வாசல்ல நிக்கவும் வேண்டாம். என் பொண்ணை நான் பார்த்துக்கிறேன்” என்றாள் மனைவி. “ரொம்ப சந்தோஷம். நீயும் நாளைக்குக் காசுன்னு வந்து நிக்கக்கூடாது” என்றார் அவர். உள்ளே, பிள்ளையின் பராமரிப்பு பற்றிக் கேட்டபோது, எல்லாம் பேசி முடித்தாயிற்று என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். மகள் தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். தங்கள் பிள்ளைக்கு அந்த அளவு பொருந்துமா என்று பார்த்து வாங்கிப் போகத் தாய்மார்கள் வந்தார்கள். பிழைப்பு ஒருவாறு ஓடியது. வருடங்கள் போகப்போகக் கைகள் நீண்டன, தோள் அகன்றது, ஒரு கோடைக்குள் கால்சட்டை நான்கு விரல்கடை கூடிற்று. கண்ணில் பார்க்காத மகள் அந்தக் கட்டிங் மேசையின் மேல் வளர்ந்துகொண்டிருந்தாள். மதிய நேரங்களில் கடையைச் சாத்திவிட்டு, தைத்த சட்டையின் கைக்குள் விரலை விட்டு, அவளுடைய மணிக்கட்டு இவ்வளவு இருக்குமா என்று அவர் வியந்துபோய் உட்கார்ந்திருப்பார். இந்த ஊரில் எத்தனையோ நடந்திருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் காலிச் சட்டையின் முன்னால் அப்படிக் கண் கலங்கி உட்கார்ந்திருந்ததுபோல வேறெதுவும் என் மனதில் நிற்கவில்லை.

அவளுக்குப் பத்து வயதான வருடம் அளவு நின்றுவிட்டது. அடுத்த மாதம் இடுப்பு சுருங்கியது. அதற்கடுத்த மாதம் இன்னும் சுருங்கியது. தையல்காரர் டேப்பை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தையும் மானத்தையும் மேசை மேலேயே விட்டுவிட்டு, தைத்த சட்டையையும் கையில் இருந்த பணத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

மனைவி வேலை பார்த்த பிஸ்கட் ஆலை மூடி நாளாகியிருந்தது. வீட்டுச் சுவரில் அலமாரி இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. தான் சாப்பிட்டாயிற்று என்று தாய் மகளிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளியிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று மகள் தாயிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் மூச்சிரைக்க நின்றவரைப் பார்த்து, “யாரு சொன்னா உங்களுக்கு?” என்று மனைவி கேட்டாள். அவர் கையிலிருந்த சட்டையை நீட்டினார். மகள் அதைப் போட்டுக்கொண்டாள். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. ஆனாலும் அவர் நீட்டிய பணத்தை மனைவி தொடவில்லை. “வேண்டாம்னு சொன்னது சொன்னதுதான்” என்றாள். வறட்டுப் பிடிவாதம்தான், ஆனால் அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றே.

அதனால் அவர் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட, மறுபடியும் அதே மரப்பெஞ்சுக்கு மூன்று பேரும் போனார்கள். இந்த முறை உள்ளே உட்கார்ந்திருந்தவர் அந்தக் குட்டி அங்கிக்குச் சொந்தக்காரரான நீதிபதி. எனவே சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

“பணம் வேண்டாம்னு சொல்ல நீங்க யாரும்மா? அது உங்க பணமா? அவ சாப்பாடு, அவ படிப்பு. அதை நீங்க விட்டுக்கொடுக்க முடியாது” என்றார் நீதிபதி. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தையல்காரர் கொஞ்சம் நிமிர்ந்தார், அது நிலைக்கவில்லை. “நீங்களும் கேட்டுக்கோங்க. இது பொண்ணைப் பார்க்கறதுக்கு வாங்கற டிக்கெட் இல்ல. அவங்க கதவைச் சாத்தினாலும் நீங்க கொடுக்கணும். நீங்க கொடுக்கத் தவறினாலும் அவங்க கதவைச் சாத்தக்கூடாது. கொடுக்கலைன்னா வசூலிக்க எங்களுக்குத் தெரியும், பார்க்க விடலைன்னாலும் எங்ககிட்ட வரலாம். ரெண்டும் இவளுக்குச் சேர வேண்டியது.” அவருடைய வருமானத்தையும் அவளுடைய தேவையையும் பார்த்து மாதத் தொகையைத் தீர்மானித்தார். அவளுக்குப் பதினெட்டு வயது முடியும்வரை கொடுக்க வேண்டும், நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்கலாம் என்றார். “நீ ஏதாவது கேக்கணுமாம்மா?” என்று மகளிடம் திரும்பினார். அவள் நீதிபதியின் கறுப்பு அங்கியைக் காட்டி, “அந்த அங்கி எனக்கா?” என்று கேட்டாள்.

முதல் மாதப் பணம் போய்ச் சேர்ந்த அன்று ஓட்டுநரின் கால்சட்டை ஓட்டுநருக்கே பொருந்தியது. கடைவீதியே வந்து பார்த்தது. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதலில் தைக்கும் துணி மட்டும் மகளின் அளவுக்கே வந்தது. பணத்தோடு அதையும் எடுத்துக்கொண்டு அவர் போனார். இவ்வாறாகத் தபால்காரர் உடுப்பும், சமையல்காரர் மேலங்கியும், நீதிபதி அங்கியும் தன் அளவில் வைத்திருந்த ஒரே பெண்ணாக அவள் வளர்ந்தாள். அவள் மறுபடி சதைப்பிடித்ததை ஊருக்கு முதலில் சொன்னது ஒரு தீயணைப்பு வீரரின் சட்டை. கணவனும் மனைவியும் கடைசிவரை சேரவில்லை. வாசலில் நின்று சண்டை போட்டார்கள். ஆனால் கதவு திறந்தே இருந்தது.

பதினெட்டு முடிந்தது. நீதிமன்ற உத்தரவும் முடிந்தது. அடுத்த மாதம் முதல் தேதி, தையல்காரர் ஒரு மாப்பிள்ளையின் கோட்டை மேசையில் போட்டு, காலையிலிருந்து மெதுவாக, மிக மெதுவாகத் தைத்தார். ஒரு காலத்தில் திட்டித் தீர்த்த அந்த அதிசயம் நின்றுபோய்விடுமோ என்று அவருக்குப் பயம். “எவ்வளவு நேரம்டா ஒரு பொத்தானை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பே?” என்றாள் அக்கா. அவர் நூலை அறுத்தார். பிறகு டேப்பை எடுக்காமலே தோளைத் தடவிப் பார்த்தார், கையைத் தடவிப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு வேறு துணி வெட்ட வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, கோட்டை மடித்துப் பையில் வைத்தார்.