தலைவர் உள்ளே இருக்கிறார்

“உங்களுது பிக்னிக் கிளப் லா, அங்கிள்.”

போனில் எவனோ ஒருத்தன் சொன்ன இந்தச் சொல்லைத் தம்புசாமியால் ஒரு வருஷமாகச் செரிக்க முடியவில்லை. கிள்ளானில் டயர் கடை வைத்திருப்பவர். அதைவிட முக்கியமாக, கிள்ளான் பள்ளத்தாக்கு மோட்டார்ஹோம் கழகத்தின் தலைவர். படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி வைத்திருக்கும் எட்டுக் குடும்பங்களை ஒன்று சேர்த்து, கொடி அடித்து, டீ-ஷர்ட் அடித்து, மாதம் ஒரு ராலி நடத்துகிற மனுஷன். மலேசியா முழுக்க உள்ள கிளப்புகளுக்கு ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. அவர்கள் வருஷாவருஷம் தாய்லாந்துக்கு வண்டிகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதில் நாங்களும் வரலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அதற்குக் கிடைத்த பதில் அது.

அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் தம்புசாமி அன்றைக்கே அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். உண்மையாக இருந்து தொலைத்ததுதான் வயிற்றெரிச்சல். எட்டு வண்டியும் காலையில் கிளம்பும், எங்காவது மரத்தடியில் நிற்கும், எல்லாரும் பிரியாணி சாப்பிடுவார்கள், பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரு ராலியிலாவது ஒருத்தராவது ராத்தங்கினது கிடையாது.

காரணம் டாய்லெட்.

சிரிக்காதீர்கள். வண்டி வாங்கின அன்றைக்கே பிரிக்பீல்ட்ஸில் கோயிலுக்குக் கொண்டுபோய், மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, டேஷ்போர்டில் பிள்ளையாரை உட்காரவைத்தாயிற்று. அதற்குப் பிறகு அது வெறும் வண்டியா? பிள்ளையார் முன்னால் உட்கார்ந்திருக்க, பத்தடி பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார யாருக்கு மனசு வரும்? தம்புசாமியின் மனைவி சீதாலெட்சுமி முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“என்னங்க, சாமி இருக்கிற வண்டியில அந்த வேலையே கூடாது. ஆமா.”

அதனால் கழகத்து டாய்லெட்டுகளுக்கெல்லாம் வேறு உத்தியோகம் கொடுக்கப்பட்டது. தம்புசாமி வண்டியில் அது அரிசி மூட்டையும் இட்லிப் பானையும் வைக்கிற இடம். செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி வியாபாரம் பண்ணும் பவுனம்மாள் அக்கா வண்டியில் வெங்காயம், உருளைக்கிழங்கு. செயலாளர் ஜீவன் வண்டியில் கரோக்கே ஸ்பீக்கர்கள். முகமது ரஃபீக்குக்கு மட்டும் வேறு கவலை. தொழும்போது பார்க்கிற மெக்காப் பக்கம், அந்தக் கிப்லாத் திசையை நோக்கியோ, அதற்கு முதுகு காட்டியோ உட்காரக்கூடாது. வீட்டில் டாய்லெட் போட்ட இடத்தில் கிடக்கும். வண்டியில் அது நிறுத்துகிற பக்கமெல்லாம் திரும்புகிறதே? போனில் திசை பார்த்து அவர் வண்டியை முன்னும் பின்னும் எடுத்து நேராக்குவதற்குள் வந்த அவசரம் போய்விடும்.

ஆகவே ராலிக்கு வழி போடும்போது ஜீவன் ஊரைப் பார்த்துப் போடமாட்டான். பெட்ரோல் ஸ்டேஷனைப் பார்த்துத்தான் போடுவான்.

இந்த லட்சணத்தில்தான் தம்புசாமி விடாமல் எழுதி, பேசி, கெஞ்சி, கூட்டமைப்பிலிருந்து ஓர் அம்மாளைப் பரிசோதனைக்கு வரவழைத்தார். அவர் பெயர் மேடம் லிம். ஈப்போக்காரர். அவர் சரி என்றால் கழகம் கூட்டமைப்பில் சேரும், தம்புசாமியின் வண்டியில் வட்டமான பித்தளை வில்லை ஒன்று ஏறும், தாய்லாந்துப் பயணத்தில் இடம் கிடைக்கும். அவர் மாட்டேன் என்றால் பிக்னிக் கிளப், பிக்னிக் கிளப்தான். தம்புசாமி ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

மோரிப் கடற்கரையில் எட்டு வண்டிகளும் நூல் பிடித்த மாதிரி நின்றன. டயரெல்லாம் பளபளத்தன. தீயணைப்புச் சிலிண்டர்களைக்கூடத் துடைத்து, குங்குமம் வைத்திருந்தார்கள்.

மேடம் லிம் தன் சின்னக் காரில் வந்து இறங்கினார். குள்ளமான உருவம், பெரிய தொப்பி. இறங்கினவர் கையில் சீதாலெட்சுமி நுரை பொங்க இழுத்து ஆற்றின பால் டீ, தேத்தாரே, கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் பவுனம்மாள் இளநீர் கொடுத்தார். ரஃபீக்கின் மனைவி ஷபானா தர்ப்பூசணி சர்பத்தை ஒரு பெரிய டம்ளர் நிறைய ஊற்றி, “கொஞ்சம்தான் மேடம்” என்றார். வந்தவரை வெறும் வயிற்றோடு விடுகிற ஜனமா இது? போதும் போதும் என்று மேடம் கை காட்டக் காட்ட, இன்னொரு தேத்தாரேயும் உள்ளே போயிற்று.

“பிரேக், கேஸ், டயர் எல்லாம் ரெடி, மேடம். எதில் ஆரம்பிக்கலாம்?” என்றார் தம்புசாமி.

“டாய்லெட்,” என்றார் மேடம் லிம்.

ஜீவன் மெதுவாகத் தன் வண்டிக் கதவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டான்.

அவர் சொன்ன நியாயமும் நியாயம்தான். வண்டியில் டாய்லெட்டை வைத்துக்கொண்டு பயன்படுத்தாத கிளப்புகள், போகிற இடத்தில் புதருக்குப் பின்னால் போகின்றன. அப்புறம் ஊர்க்காரர்கள் புகார் கொடுக்கிறார்கள், கவுன்சில் எல்லாரையும் விரட்டுகிறது. அதனால் கூட்டமைப்பின் முதல் விதி, டாய்லெட் புழக்கத்தில் இருக்கவேண்டும்.

பவுனம்மாள் வண்டிக் கதவைத் திறந்ததும் ஒரு வெங்காயம் உருண்டு வந்து மேடத்தின் காலடியில் நின்றது. ஜீவன் வண்டியில் ஸ்பீக்கரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை. ரஃபீக் கிப்லாவை விளக்க ஆரம்பித்து, போனை எடுத்து, மேற்கே கொஞ்சம் வடக்கே என்று கையை நீட்டினார். கடைசியாகத் தலைவரின் வண்டி. மேடம் இட்லிப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார்.

“எட்டு டாய்லெட். ஒன்றில்கூட யாரும் போனதில்லை. மன்னிக்கணும், மிஸ்டர் தம்பு.”

தம்புசாமிக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஐம்பத்தெட்டு வயசில் இட்லிப் பானைக்கு முன்னால் நின்று அழுவதா? “மேடம், இப்பவே போனால் ஒத்துக்குவீங்களா?” என்று கேட்டுவிட்டார்.

மேடம் லிம் யோசித்தார். “தலைவர் போகட்டும். நான் பார்த்து, சரி, சரி, பார்க்கல, கேட்டுக்கிறேன்.”

உடனே அரிசி மூட்டை வெளியே போனது, இட்லிப் பானை வெளியே போனது. ஆனால் சீதாலெட்சுமி டேஷ்போர்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

“இவரு உள்ள இருக்கும்போது அவரு உள்ள போகக்கூடாது.”

“அப்ப சாமியை இறக்கிருவோம்மா.”

“இறக்குங்க பார்ப்போம்.”

இறக்கினால்தானே? பிள்ளையாரை ஒட்டினவர் தம்புசாமி. டயர் கடைப் பசை. லோரி டயரையே கிழியாமல் பிடிக்கிற பசை. ஜீவன் கரண்டியால் நெம்பினான், ரஃபீக் வெந்நீர் ஊற்றினார். “மெதுவா லா, தும்பிக்கை, தும்பிக்கை” என்று பவுனம்மாள் பதறினார். கடைசியில் டேஷ்போர்டில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பிள்ளையார் கையில் வந்தார்.

எங்கே வைப்பது? பவுனம்மாள் வண்டியில் ஏற்கெனவே முனீஸ்வரர் இருக்கிறார், அவருக்குச் சுருட்டு உண்டு, பிள்ளையாருக்குப் புகை ஆகாது என்றார் சீதாலெட்சுமி. எங்க முனி சாமி யாரையும் தொந்தரவு பண்ணமாட்டார் என்று பவுனம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசியில் ஒரு மடக்கு மேசையைப் புல்லில் போட்டு, வாழையிலை விரித்து, கடலைப் பார்த்தாற்போல் பிள்ளையாரை வைத்து, வெயில் படாமல் குடை பிடித்தார்கள். ஒருத்தர் இறக்கினால் மற்றவர் சும்மா இருப்பார்களா? நம்ம சாமி மட்டும் வண்டிக்குள்ளே புழுங்குவதா என்று சாமி வைத்திருந்த எல்லா வண்டியிலிருந்தும் இறக்கி வரிசையாக வைத்துவிட்டார்கள். முனீஸ்வரரும் வந்தார், இரண்டு முழம் தள்ளி.

கடற்கரையின் அந்தக் கோடியில் பொது டாய்லெட். ஏதோ தொழிற்சாலைக் குடும்ப தினமாம், இரண்டு பஸ் ஜனம் அங்கே வாசலில் வரிசையில் நின்றது. அதில் பாதிப் பேர் குடையையும் மேசையையும் பார்த்துவிட்டு இங்கே வந்து கும்பிட ஆரம்பித்தார்கள். விபூதி இருக்கா என்று கேட்டார்கள். பவுனம்மாள் கோபத்தை மறந்து எல்லாருக்கும் பூசிவிட்டுக்கொண்டிருந்தார்.

தம்புசாமி உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். தலை மேலே இடித்தது, முட்டி முன்னால் இடித்தது.

கழகத்தார் அத்தனை பேரும் வண்டியைச் சுற்றி நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பது அவருக்குச் சுவர் வழியாகவே தெரிந்தது. காலையில் மட்டும் மூன்று கிளாஸ் தேத்தாரே குடித்தவர். ஆனால் இப்போது பாருங்கள், ஒரு சொட்டு வரமாட்டேன் என்கிறது.

“தலைவரே, ஆச்சா?” என்றான் ஜீவன்.

“டேய், தொந்தரவு பண்ணாத.”

“அவரை விடு தம்பி, அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி,” என்றார் சீதாலெட்சுமி, கடற்கரைக்கே கேட்கிற மாதிரி.

தம்புசாமி கண்ணை மூடினார். அருவியை நினைத்துப் பார்த்தார். கிள்ளானில் வெள்ளம் வந்து கடைக்குள்ளே தண்ணீர் புகுந்ததை நினைத்தார். அது கவலையைத்தான் கொண்டுவந்தது. கழுவிக்கொள்ளக் கையோடு கொண்டுவந்திருந்த தண்ணீர் போத்தலைப் பார்த்தார். இதைச் சரிச்சு ஊற்றினால் யாருக்குத் தெரியும்? மூடியைக்கூடத் திருகிவிட்டார். அப்புறம் சே என்று ஆகிவிட்டது. பிக்னிக் கிளப் என்று பேர் வாங்கினவன் போதாதென்று ஏமாற்றுக்காரன் என்றும் வாங்கவேண்டுமா? மூடியைத் திரும்ப இறுக்கினார்.

அந்த நேரத்தில்தான் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

“மிஸ்டர் தம்பு! கெலுவார்! வெளியே வாங்க!”

மேடம் லிம்மின் குரல். தேத்தாரே, இளநீர், சர்பத், திரும்பவும் தேத்தாரே. அந்தம்மாளும் மனுஷிதானே? பொது டாய்லெட்டில் இன்னும் ஒரு பஸ் ஜனம் நிற்கிறது. பெட்ரோல் ஸ்டேஷனுக்குக் காரில் போனாலும் பத்து நிமிஷம். மேடத்திடம் பத்து நிமிஷம் இல்லை. தம்புசாமி கதவைத் திறந்து ஒதுங்குவதற்குள் தொப்பி அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

இந்தத் தடவை எல்லாரும் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டு கடலைப் பார்த்தார்கள். ஆனாலும் கேட்டது. நீளமாகவே கேட்டது. பிறகு வண்டி வாங்கின நாளிலிருந்து யாரும் கேட்டிராத ஒரு சத்தம், அந்த டாய்லெட்டின் ஃபிளஷ் சத்தம், கேட்டது. ஜீவன் தன்னை அறியாமல் கை தட்டிவிட்டு, ரஃபீக் முறைத்ததும் கையைப் பையில் விட்டுக்கொண்டான்.

மேடம் லிம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். முகம் தெளிந்திருந்தது. “நல்லா வேலை செய்யுது,” என்றார்.

எல்லாரும் சீதாலெட்சுமியைப் பார்த்தார்கள். என்ன இருந்தாலும் அவர் வண்டி. அவர் போய் ஒரு புதுத் துண்டும் சோப்பும் எடுத்துவந்து மேடம் கையில் கொடுத்தார். “வந்த விருந்தாளிக்கு அவசரத்துக்கு ஒதுங்க இடம் இல்லாட்டி அப்புறம் என்னா வீடு, என்னா வண்டி,” என்றார் யாரையும் பார்க்காமல்.

தம்புசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப வில்லை, மேடம்?”

“இன்னும் ஒன்று பாக்கி,” என்றார் மேடம். வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவைத் திறந்தார். அப்படி ஒரு கதவு இருப்பதே கழகத்தில் யாருக்கும் தெரியாது. உள்ளே கைப்பிடி போட்ட ஒரு பெட்டி இருந்தது. “உள்ளே போனது இதில்தான் இருக்கு. இதை யார் கொண்டுபோய்க் கொட்டறது?”

ஜீவனுக்குத் திடீரென்று போன் வந்தது. ரஃபீக் கிப்லாவைப் பார்க்கப் போனார். பவுனம்மாள் விபூதித் தட்டோடு நகர்ந்துவிட்டார்.

தம்புசாமி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பெட்டியை இழுத்து எடுத்தார். கனமாக இல்லை. கடற்கரையின் அந்தக் கோடி வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பொது டாய்லெட் வரிசையில் நின்றவர்கள் அவர் கையில் இருப்பது என்ன என்று புரிந்ததும் வழிவிட்ட வேகம் இருக்கிறதே, அமைச்சர் வந்தால்கூட அப்படி விடமாட்டார்கள். கொட்டினார், கழுவினார், மறுபடி கழுவினார், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் எங்கேயும் நடந்ததில்லை.

மேடம் லிம் அவருக்குக் கை கொடுக்க நீட்டி, யோசித்து, கையை மடக்கி, தலையை மட்டும் ஆட்டினார். வில்லையைச் சீதாலெட்சுமியிடம் கொடுத்தார். “இனி பிக்னிக் கிளப் இல்லை. தாய்லாந்தில் பார்ப்போம்,” என்று சொல்லிவிட்டு, ஷபானா நீட்டின இன்னொரு டம்ளரைக் கண்டதும் அவசரமாகக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு ஒரே அமளி. பவுனம்மாள் வெங்காய மூட்டையை வெளியே தள்ளினார். ரஃபீக் வண்டியைக் கிளப்பி, ஒரேயடியாகத் திசை பார்த்து நிறுத்தப் போனார். இன்றைக்கு ராத்தங்குவோமா என்று யாரோ கேட்டார்கள். முடியாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சாமி மேசையை என்ன செய்வது என்று ஜீவன் கேட்டதற்கு, “நாம நிக்கிற வரைக்கும் அவங்க வெளியே காத்தாட இருக்கட்டும். ஓடும்போது உள்ள வரட்டும்,” என்று சீதாலெட்சுமி முடிவு சொல்லிவிட்டார். கழகத்தில் அவர் சொன்னதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சொன்னவர் ஒரு நிமிஷம் வண்டி வாசலிலேயே நின்றார். பொது டாய்லெட் வரிசையை ஒரு தடவை பார்த்தார். கணவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என்னங்க. நான் உள்ள போறேன்.”

“போம்மா.”

“நீங்க இங்க நிக்காதீங்க. ஒருத்தரும் நிக்கக்கூடாது. எல்லாரையும் கூட்டிக்கிட்டு அங்கிட்டுப் போங்க.”

கூட்டமைப்பில் சேர்ந்த கழகத்தின் தலைவராகத் தம்புசாமிக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது. அவர் கையைத் தட்டி எல்லாரையும் ஒன்று சேர்த்து, ஆண், பெண், பிள்ளைகுட்டி என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் தண்ணீர் ஓரம் வரைக்கும் அழைத்துக்கொண்டு போனார். போதுமா, இன்னும் தள்ளணுமா என்று நின்று யோசித்தார். பிறகு எல்லாரையும் முழங்கால் அளவு கடலுக்குள்ளே இறங்கி நிற்கச் சொன்னார்.